ஃபோல்டரைக் கொடுத்தும் தெரியவில்லை, மறைத்த முகவரி மட்டும் வந்து நிற்கிறது: அலுவலக மெயிலில் யாருக்கு எது தெரியும்?

கேள்வி: திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் அலுவலக நிர்வாகம் பார்க்கிறேன். நாற்பது பேருக்கு மைக்ரோசாஃப்ட் 365 மெயில் இருக்கிறது. தனியாக ஐ.டி. ஆள் கிடையாது, அட்மின் பொறுப்பும் என்னிடம்தான். மூத்த மெர்ச்சண்டைசர் ஒருவர் இந்த மாதக் கடைசியில் விலகுகிறார். அவருடைய இன்பாக்ஸுக்குள் பையர் வாரியாக ஃபோல்டர்கள் உண்டு. அதில் ஒரு பையரின் ஃபோல்டரை மட்டும் மூன்று பேருக்குக் கொடுத்தோம்; அவர்களுக்கு எதுவுமே தெரியவில்லை. இரண்டாவது, எம்.டி.யின் காண்டாக்ட்ஸை மெர்ச்சண்டைசிங் ஆட்கள் பார்க்கட்டும் என்று ஷேர் செய்தோம். இப்போது கட்டிங் சூப்பர்வைசர் வரைக்கும் எல்லோராலும் அவருடைய குடும்ப டாக்டர் நம்பரைக்கூடப் பார்க்க முடிகிறது. மூன்றாவது, சம்பளப் பிரிவுக்கு யாரும் நேரடியாக எழுதக் கூடாது, ஹெச்.ஆர். வழியாகத்தான் வர வேண்டும் என்று அந்த முகவரியை அட்ரஸ் புக்கிலிருந்து மறைத்தேன். மூன்று நாளாகியும் சிலர் இரண்டு எழுத்து அடித்தாலே அது வந்து நிற்கிறது. எங்கே தவறு?

பதில்: வணக்கம். மூன்று சிக்கலும் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. அவுட்லுக்கில் ‘தெரிகிறது’ என்று நாம் சொல்வதற்குப் பின்னால் தனித்தனியாக மூன்று ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒரு ஃபோல்டரைத் திறக்க அனுமதி உண்டா என்பது முதலாவது. அது அந்தந்த மெயில்பாக்ஸில், ஒவ்வொரு ஃபோல்டரிலும் தனியாகப் பதிவாகியிருக்கும். நிறுவன அட்ரஸ் புக்கில் ஒரு பெயர் இருக்கிறதா என்பது இரண்டாவது. அது அட்மின் சென்டரில் இருக்கிறது. ஒவ்வொருவருடைய அவுட்லுக்கும் தான் எழுதிய பழைய முகவரிகளைத் தனக்கென்று சேர்த்து வைத்துக்கொள்வது மூன்றாவது. ஒன்றில் செய்த மாற்றம் மற்ற இரண்டையும் தொடாது. நீங்கள் ஒவ்வொரு சிக்கலிலும் ஒன்றை மாற்றிவிட்டு இன்னொன்றில் பலனை எதிர்பார்த்திருக்கிறீர்கள்.

மாதக் கடைசி நெருங்குவதால் விலகுகிறவரின் மெயில்பாக்ஸை முதலில் பார்ப்போம். இதில் தவறினால் பிறகு சரிசெய்ய நாள் இருக்காது. அவர் போனதும் கணக்கை அழித்துவிட்டு லைசென்ஸை வேறொருவருக்குக் கொடுப்பதுதான் பல அலுவலகங்களில் நடக்கிறது. கணக்கை அழித்தாலும் சரி, லைசென்ஸை மட்டும் எடுத்தாலும் சரி, அந்த மெயில்பாக்ஸ் 30 நாள்தான் மீட்கக்கூடிய நிலையில் இருக்கும். அதன்பின் பையரோடு பேசிய விலை, சாம்பிள் ஒப்புதல், ஷிப்மெண்ட் தேதி எல்லாம் போய்விடும். அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் எக்ஸ்சேஞ்ச் அட்மின் சென்டரில் ரெசிபியண்ட்ஸ், மெயில்பாக்ஸஸ் போய், அவர் பெயரைத் திறந்து, ‘கன்வர்ட் டு ஷேர்டு மெயில்பாக்ஸ்’ கொடுங்கள். ஷேர்டு மெயில்பாக்ஸ் என்பது தனி ஆளுக்கு என்றில்லாமல் பலர் சேர்ந்து பார்க்கும் பொது மெயில்பாக்ஸ். அது முடிந்து, பட்டியலில் அவர் ஷேர்டு என்று காட்டத் தொடங்கிய பிறகுதான் லைசென்ஸில் கை வைக்க வேண்டும். கடைசி வேலை நாள் மாலை பாஸ்வேர்டை மாற்றுங்கள், ‘பிளாக் சைன்-இன்’ போடுங்கள், எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றும் ‘சைன் அவுட் ஆஃப் ஆல் செஷன்ஸ்’ கொடுங்கள். பாஸ்வேர்டு மாற்றினால் போதும் என்று விட்டால், ஏற்கெனவே திறந்திருக்கும் கைபேசியில் கொஞ்ச நேரம் மெயில் ஓடிக்கொண்டிருக்கக் கூடும்.

ஆக்டிவ் யூசர்ஸ் பட்டியலில் அவருடைய பெயர் அப்படியே இருக்க வேண்டும். ஷேர்டு மெயில்பாக்ஸ் அந்தக் கணக்கைப் பிடித்துத்தான் நிற்கிறது. ‘ஆள்தான் போய்விட்டாரே’ என்று பின்னொரு நாள் யாராவது அதை அழித்தால் மெயில்பாக்ஸும் கூடவே போகும். டிஸ்ப்ளே நேமில் ‘முன்னாள்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்து வைத்தால் இந்த ஆபத்து குறையும்.

அளவையும் இப்போதே பார்த்துவிடுங்கள். ஷேர்டு மெயில்பாக்ஸுக்கு 50 ஜி.பி. வரை லைசென்ஸ் தேவையில்லை. அதைத் தாண்டினால் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் ப்ளான் 2 லைசென்ஸ் வேண்டும். டெக்பேக் (ஆடையின் வடிவ, அளவு விவரக் கோப்பு), லேப் டிப் (சாய நிறச் சோதனைத் துணி) படம், சாம்பிள் போட்டோ என்று அட்டாச்மெண்ட்டிலேயே நாள் ஓடும் உங்கள் தொழிலில் 50 ஜி.பி. பெரிய அளவு இல்லை.

இனி அந்த மூன்று பேருக்குத் தெரியாமல் போன ஃபோல்டர். பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்: ஃபோல்டரில் ரைட் க்ளிக், ப்ராப்பர்ட்டீஸ், பெர்மிஷன்ஸ் போய் மூவர் பெயரையும் சேர்த்து ‘ரிவ்யூவர்’, அதாவது படிக்க மட்டும் அனுமதி, கொடுத்திருப்பீர்கள். அந்த அனுமதி சரியாகவே பதிவாகியிருக்கும். ஆனால் அந்த ஃபோல்டர் இன்பாக்ஸுக்குள் இருக்கிறது, இன்பாக்ஸ் மெயில்பாக்ஸுக்குள் இருக்கிறது. உள்ளறைச் சாவியைக் கொடுத்துவிட்டு வாசல் கதவையும் கூடத்துக் கதவையும் திறக்கவில்லை.

அதற்காக இன்பாக்ஸையே படிக்கக் கொடுக்க வேண்டியதில்லை. ‘ஃபோல்டர் விசிபிள்’ என்று பெர்மிஷன்ஸ் பக்கத்தில் ஒரு டிக் பெட்டி இருக்கிறது. உள்ளே இருக்கும் மெயிலைக் காட்டாமல் ஃபோல்டர் இருப்பதை மட்டும் காட்டுவது அதன் வேலை. பழைய அவுட்லுக்கில், அதாவது இப்போது க்ளாசிக் என்று சொல்லப்படும் டெஸ்க்டாப் அவுட்லுக்கில், இடது பக்கம் உச்சியில் இருக்கும் மெயில் முகவரியின் மேல் ரைட் க்ளிக் செய்து ‘ஃபோல்டர் பெர்மிஷன்ஸ்’ எடுங்கள். மூவரையும் சேர்த்து, லெவலை ‘நன்’ (எந்த அனுமதியும் இல்லை) என்றே விட்டு, ‘ஃபோல்டர் விசிபிள்’ மட்டும் டிக் செய்யுங்கள். இன்பாக்ஸிலும் இதையே திரும்பச் செய்யுங்கள். பையர் ஃபோல்டரில் ‘ரிவ்யூவர்’ இருக்கட்டும். இன்பாக்ஸுக்கும் அந்த ஃபோல்டருக்கும் நடுவில் ‘2024 ஆர்டர்கள்’ என்பது போல இன்னொரு அடுக்கு இருந்தால் அங்கேயும் அதே டிக் வேண்டும். ஒரு படி விட்டுப்போனாலும் கீழே இருப்பது தெரியாது.

பார்ப்பவர் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. ஃபைல் மெனுவில் ‘ஓப்பன் அதர் யூசர்ஸ் ஃபோல்டர்’ என்பதை எல்லோரும் முதலில் முயல்வார்கள். அது இன்பாக்ஸ், காலண்டர், காண்டாக்ட்ஸ் போன்ற மூல ஃபோல்டர்களை மட்டும் திறக்கும். நாம் உண்டாக்கிய உட்ஃபோல்டர் அதில் வராது. அக்கவுண்ட் செட்டிங்ஸ் போய், தன்னுடைய கணக்கை எடுத்து, சேஞ்ச், மோர் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு என்று சென்று ‘ஆட்’ கொடுத்து விலகுகிறவரின் பெயரைச் சேர்க்க வேண்டும். பிரவுசரில் மெயில் பார்ப்பவர் என்றால் ‘ஃபோல்டர்ஸ்’ என்ற சொல்லின் மேல் ரைட் க்ளிக் செய்து ‘ஆட் ஷேர்டு ஃபோல்டர் ஆர் மெயில்பாக்ஸ்’ கொடுத்தால் போதும்.

இதில் இன்னொரு குழி உண்டு. மேல் ஃபோல்டருக்குக் கொடுத்த அனுமதி, ஏற்கெனவே உள்ளே இருக்கும் உட்ஃபோல்டர்களுக்குத் தானாக இறங்காது. அதன்பின் புதிதாக உண்டாக்கும் உட்ஃபோல்டர்தான் மேலே இருப்பதை அப்போது நகலெடுத்துக்கொள்ளும். ‘நேற்று உண்டாக்கியது தெரிகிறது, போன வருடத்தது தெரியவில்லை’ என்ற புகார் வந்தால் காரணம் இதுதான். நான்கைந்து உட்ஃபோல்டர் என்றால் கையால் செய்யலாம். நூறு இருந்தால் பவர்ஷெல் (கட்டளை எழுதி மொத்தமாக மாற்றும் கருவி) தெரிந்த ஒருவரை அரை மணி நேரம் உட்கார வைப்பது நல்லது. விலகுகிறவர் இன்னும் அலுவலகத்தில் இருப்பதால், இந்த வேலைகளை அவருடைய அவுட்லுக்கிலேயே, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். எந்த ஃபோல்டரில் எந்த பையரின் எந்த சீசன் என்பதை அவரைவிட நன்றாகச் சொல்ல ஆள் கிடையாது.

இதற்குப் பதிலாக, மாற்றிய மெயில்பாக்ஸில் மூவருக்கும் ‘ஃபுல் அக்சஸ்’ கொடுத்துவிடலாமே என்று தோன்றும். வேலை சுலபம்தான். ஆனால் ஃபுல் அக்சஸ் என்பது முழு மெயில்பாக்ஸுக்கும் சாவி. விலகுகிறவர் சம்பள உயர்வு கேட்டு எழுதியது, மருத்துவ விடுப்புக்கு அனுப்பிய ரிப்போர்ட் எல்லாம் அதில் இருக்கும். ஃபுல் அக்சஸ் கொடுத்த பிறகு ஏதோ ஒரு ஃபோல்டரில் மட்டும் ‘நன்’ போட்டு அந்த மூவரைத் தடுக்க முடியாது. பெரிய அனுமதி சின்னத் தடையைக் கடந்துவிடும். வேலையை விட்டுப் போகிறவரின் தனிப்பட்ட கடிதங்களுக்கும் நாம் பொறுப்பு. போவதற்குள் அவற்றை அவரே எடுத்து நீக்கிக்கொள்ள அரை நாள் கொடுங்கள்.

அனுமதி லெவல்களில் உங்களுக்குத் தேவைப்படுவது மூன்றுதான். ‘ரிவ்யூவர்’ படிக்கலாம், மாற்ற முடியாது. ‘ஆத்தர்’ படிக்கலாம், புதிதாகச் சேர்க்கலாம், தான் சேர்த்ததை மட்டும் திருத்தலாம், நீக்கலாம். ‘எடிட்டர்’ எதையும் திருத்தலாம், எதையும் நீக்கலாம். ‘ஓனர்’ என்பதை யாருக்கும் கொடுக்க வேண்டாம். அந்த லெவல் உள்ளவரால் மற்றவர்களுக்கும் அனுமதி வழங்க முடியும், அது உங்கள் கணக்கிலேயே வராது. ‘கான்ட்ரிப்யூட்டர்’ என்ற பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு. அந்த லெவலில் உள்ளே பொருளைப் போடலாம், இருப்பதைப் பார்க்க முடியாது.

எடிட்டர் கொடுக்கும் இடத்தில் நீக்குவது பற்றி ஓர் எச்சரிக்கை. க்ளாசிக் அவுட்லுக்கில் ஒருவர் பொது ஃபோல்டரிலிருந்து ஒரு மெயிலை நீக்கினால், வழக்கமாக அது நீக்கியவருடைய சொந்த ‘டெலிட்டட் ஐட்டம்ஸ்’ ஃபோல்டருக்குத்தான் போகும், மெயில்பாக்ஸின் ஃபோல்டருக்கு அல்ல. பி.ஓ. (பையரின் பர்ச்சேஸ் ஆர்டர்) காணவில்லை என்று எல்லோரும் பொது மெயில்பாக்ஸைத் துழாவுவார்கள். அது ஒருவருடைய சொந்தக் குப்பையில் கிடக்கும். அங்கிருந்தும் அவர் நீக்கிவிட்டால் 14 நாள் வரை ‘ரெக்கவர் டெலிட்டட் ஐட்டம்ஸ்’ வழியாக மீட்கலாம். அந்தக் காலத்தை அட்மின் 30 நாள் வரை கூட்டிவைக்கலாம். பையர் கடிதங்கள் இருக்கும் மெயில்பாக்ஸ்களுக்கு இன்றே 30 ஆக்குங்கள். செலவு எதுவும் இல்லை.

இவ்வளவும் இந்த மாத நெருக்கடிக்கு. அடுத்த ஆள் விலகும்போது மறுபடி இதே பாடு வராமலிருக்க வேண்டுமென்றால், பையரின் கடிதங்கள் தனி ஆளுடைய இன்பாக்ஸுக்குள் வாழக் கூடாது. மெர்ச்சண்டைசிங் பிரிவுக்கென்று ஒரு ஷேர்டு மெயில்பாக்ஸ் உண்டாக்குங்கள். பெரிய பையர் என்றால் அவருக்கென்றே ஒன்று வைத்தாலும் தவறில்லை. அட்மின் சென்டரில் ‘டீம்ஸ் அண்ட் க்ரூப்ஸ்’ கீழே ‘ஷேர்டு மெயில்பாக்ஸஸ்’ இருக்கிறது. அங்கே மெம்பராகச் சேர்ப்பவருக்கு மெயில்பாக்ஸ் அவருடைய அவுட்லுக்கில் தானாக வந்து சேரும்; ஒரு மணி நேரம் வரை ஆகலாம், அதற்குள் நீக்கிச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். தனித்தனி ஆளாகச் சேர்த்தால்தான் தானாக வரும். ஒரு க்ரூப்புக்கு அனுமதி கொடுத்தால் அனுமதி வேலை செய்யும், ஆனால் ஒவ்வொருவரும் கையால் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

படிக்கும் அனுமதியும் அனுப்பும் அனுமதியும் வேறுவேறு. ஃபுல் அக்சஸ் உள்ளவர் அந்தப் பெயரில் மெயில் அனுப்ப வேண்டுமென்றால் ‘சென்ட் ஆஸ்’ தனியாகக் கொடுத்திருக்க வேண்டும். ‘சென்ட் ஆன் பிஹாஃப்’ கொடுத்தால் பையருக்கு ‘இன்னார், அந்தப் பிரிவின் சார்பாக’ என்று இரண்டு பெயரும் தெரியும். எது வேண்டும் என்பது உங்கள் வழக்கத்தைப் பொறுத்தது. ஆனால் எல்லோருக்கும் ஒன்றையே வையுங்கள். அனுப்பிய மெயிலின் நகல் வழக்கமாக அனுப்பியவருடைய ‘சென்ட் ஐட்டம்ஸ்’ ஃபோல்டரில் மட்டும் விழும். பிரிவில் மற்றவர்களுக்குப் பதில் போனதே தெரியாது, ஒரே கேள்விக்கு இரண்டு விலை போய்விடும் அபாயம்கூட உண்டு. அதே ஷேர்டு மெயில்பாக்ஸின் செட்டிங்ஸில் ‘சென்ட் ஐட்டம்ஸ்’ என்ற பகுதியைத் திறந்து இரண்டு நகல் வசதிகளையும் ஆன் செய்யுங்கள். பொது மெயில்பாக்ஸ் வைத்தும் அலுவலகத்தில் குழப்பம் தீரவில்லை என்றால் நான் முதலில் பார்க்கும் இடம் இதுதான்.

பழைய ஃபோல்டரைப் புதிய மெயில்பாக்ஸுக்குக் கொண்டுபோகும்போது ஒரே இழுப்பில் இருபதாயிரம் மெயிலை நகர்த்தாதீர்கள். நடுவில் இணைப்பு அறுந்தால் பாதி அங்கும் பாதி இங்குமாக நிற்கும். முதலில் காப்பி செய்யுங்கள். இரண்டு ஃபோல்டரிலும் ப்ராப்பர்ட்டீஸில் ‘ஷோ டோட்டல் நம்பர் ஆஃப் ஐட்டம்ஸ்’ வைத்து எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பாருங்கள். சரியாக இருந்த பிறகு பழையதை நீக்கலாம்.

எம்.டி.யின் காண்டாக்ட்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய காண்டாக்ட்ஸ் ஃபோல்டரின் பெர்மிஷன்ஸ் பக்கத்தைத் திறந்தால் மேலே ‘டிஃபால்ட்’ என்று ஒரு வரி இருக்கும். அது ஏதோ மென்பொருளின் ஆரம்ப நிலையைச் சொல்வதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் பொருள் ‘பெயர் சொல்லிச் சேர்க்காத, நம் நிறுவனத்தில் உள்ள மற்ற எல்லோரும்’ என்பது. உங்கள் மெர்ச்சண்டைசர்களைத் தனித்தனியாகச் சேர்க்காமல் யாரோ அந்த வரியை ‘ரிவ்யூவர்’ ஆக்கியிருக்கிறார்கள். நாற்பது பேருக்கும் கதவு திறந்துவிட்டது. இன்றே அதை ‘நன்’ ஆக்குங்கள். காண்டாக்ட்ஸுக்கு அதுதான் இயல்பான நிலை. காலண்டரின் டிஃபால்ட் வரியில் மட்டும் ‘ஃப்ரீ பிஸி டைம்’ என்று இருக்கும்; அதைத் தொட வேண்டாம், தொட்டால் மீட்டிங்குக்கு நேரம் பார்ப்பது கெட்டுவிடும். கீழே ‘அனானிமஸ்’ என்ற வரி இருந்தால் அது ‘நன்’ என்று இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிறகு, மெர்ச்சண்டைசர்களை மட்டும் பெயர் சொல்லி அதே ஃபோல்டரில் சேர்க்கலாமா என்றால், வேண்டாம் என்பேன். குடும்ப டாக்டரும் பையரும் ஒரே ஃபோல்டரில் இருக்கும்வரை பிரச்சினை உயிரோடு இருக்கும். ஒவ்வொரு காண்டாக்ட்டிலும் ‘ப்ரைவேட்’ என்று குறிக்கும் வசதி இருக்கிறதே என்று கேட்பீர்கள். படிக்கும் அனுமதி உள்ளவருக்கு அவுட்லுக் அதைக் காட்டாது, அவ்வளவுதான். வேறு மென்பொருள் வழியாக வந்தால் அது தடுப்பாக நிற்காது. அதை நம்பி அந்தரங்க எண்களைப் பொது ஃபோல்டரில் விட வேண்டாமென்று மைக்ரோசாஃப்ட்டே எச்சரிக்கிறது.

செய்ய வேண்டியது: மெர்ச்சண்டைசிங் ஷேர்டு மெயில்பாக்ஸுக்கென்று ஒரு காண்டாக்ட்ஸ் ஃபோல்டர் ஏற்கெனவே இருக்கும். பையர், பையிங் ஹவுஸ், டெஸ்டிங் லேப், ஃபார்வேர்டர் எண்களை மட்டும் எம்.டி. அல்லது அவர் நம்புகிற ஒருவர் தேர்ந்தெடுத்து அங்கே காப்பி செய்யட்டும். மவுஸின் வலது பட்டனால் இழுத்துவிட்டால் ‘காப்பி’யா ‘மூவ்’வா என்று கேட்கும், காப்பி கொடுங்கள். காப்பி செய்வதற்கு முன் ஒவ்வொரு காண்டாக்ட்டிலும் கீழே இருக்கும் நோட்ஸ் பெட்டியைப் படித்துப் பார்க்க வேண்டும். கடைசியாகப் பேசிய விலை, கமிஷன், பையரின் பாஸ்போர்ட் எண், பிறந்த நாள் என்று பல வருடக் குறிப்புகள் அதில் இருக்கக் கூடும். பெயரையும் எண்ணையும் மட்டும் பார்த்துக் காப்பி செய்தால் அவையும் சேர்ந்தே போகும்.

எம்.டி.யின் காண்டாக்ட்ஸுக்குள்ளேயே ‘பையர்கள்’ என்று உட்ஃபோல்டர் போட்டு அதை மட்டும் ஷேர் செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். முன்னே சொன்ன நகல் விதி இங்கேயும் உண்டு: டிஃபால்ட் வரியைச் சரிசெய்வதற்கு முன் உட்ஃபோல்டர் உண்டாக்கினால் அந்தத் திறந்த அனுமதி அதற்கும் வந்துவிடும்.

ஒன்றை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. ரிவ்யூவரால் மாற்ற முடியாதே தவிர, தன் காண்டாக்ட்ஸுக்கு நகலெடுக்க முடியும். இதுவரை யாராவது எடுத்திருந்தால், இப்போது கதவைச் சாத்துவதால் அது திரும்பாது. எம்.டி.யிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். எந்த எண்கள் முக்கியம் என்று அவர் முடிவு செய்ய அது உதவும். பையரின் தனிப்பட்ட கைபேசி எண்களும் இதில் இருக்கின்றன. இந்தியாவில் 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஐரோப்பிய பையர்கள் இருந்தால் 2018 மே முதல் அங்கே நடைமுறையில் இருக்கும் ஜி.டி.பி.ஆர். விதிகளும் அவற்றை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளாகத்தான் பார்க்கின்றன.

ஷேர்டு மெயில்பாக்ஸின் காண்டாக்ட்ஸைத் திறந்து பார்க்க முடிந்தாலும், ‘டு’ பெட்டியில் பெயர் அடிக்கும்போது அவை தானாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அப்படி வர வேண்டிய வெளி முகவரிகளை எக்ஸ்சேஞ்ச் அட்மின் சென்டரில் ‘காண்டாக்ட்ஸ்’ பகுதியில் மெயில் காண்டாக்ட்டாகச் சேர்க்க வேண்டும். அப்போது நிறுவன அட்ரஸ் புக்கில் அவை உட்காரும். ஆனால் அங்கே உட்கார்ந்தது நாற்பது பேருக்கும் தெரியும். அதனால் பெயர், மெயில் முகவரி, நிறுவனம் இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கைபேசி எண்ணை அதில் எழுத வேண்டாம். எக்செலில் பட்டியல் போட்டு மொத்தமாக ஏற்றுவதானால் ‘சி.எஸ்.வி. யு.டி.எஃப்-8’ என்ற வகையில் சேமியுங்கள். சாதாரண சி.எஸ்.வி.யாகச் சேமித்தால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும். ‘இந்த முகவரி ஏற்கெனவே உள்ளது’ என்று ஏதாவது ஒன்று மறுக்கப்பட்டால், அந்த பையரை முன்பு டீம்ஸில் கெஸ்ட்டாக யாராவது அழைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கெஸ்ட்டுகள் அட்ரஸ் புக்கில் தெரியாமல் ஒளிந்திருப்பார்கள், முகவரியை மட்டும் பிடித்து வைத்திருப்பார்கள்.

எம்.டி.யின் சொந்தக் கைபேசி எண் இன்னொரு வழியாகவும் வெளியே தெரியக்கூடும். ஆக்டிவ் யூசர்ஸில் அவருடைய பெயரைத் திறந்து காண்டாக்ட் இன்ஃபர்மேஷனில் ‘மொபைல் போன்’ கட்டத்தைப் பாருங்கள். அதில் எழுதியிருப்பது, அவர் பெயரின் மேல் மவுஸை வைக்கும் எல்லோருக்கும் அட்டையில் தெரியும். ஓ.டி.பி. வர வேண்டும் என்று நினைத்து அங்கே எண்ணை எழுதியிருப்பார்கள். அதற்கு அந்தக் கட்டம் தேவையில்லை. லாகின் சரிபார்ப்புக்கான எண் ‘ஆதென்டிகேஷன் மெத்தட்ஸ்’ என்ற தனி இடத்தில் இருக்கிறது, அது அட்ரஸ் புக்குக்கு வராது. பெண் ஊழியர்களின் சொந்த எண்கள் அந்தக் கட்டத்தில் இருக்கின்றனவா என்று நாற்பது பேரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கேட்காமல் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, மறைத்தும் வந்து நிற்கும் சம்பளப் பிரிவு. நீங்கள் ‘ஹைட் ஃப்ரம் குளோபல் அட்ரஸ் லிஸ்ட்’ ஆன் செய்தது சரியாகவே நடந்திருக்கிறது. ஆனால் க்ளாசிக் அவுட்லுக் அட்ரஸ் புக்கை நேரடியாகப் பார்ப்பதில்லை. ஆஃப்லைன் அட்ரஸ் புக் என்ற நகலை வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. மைக்ரோசாஃப்ட் பக்கத்தில் அந்த நகல் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை புதிதாகிறது, ஒவ்வொருவருடைய அவுட்லுக்கும் 24 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் அதை இறக்கிக்கொள்கிறது. ஆக ஒன்றரை நாள் வரை பொறுக்கலாம். அவசரமென்றால் சென்ட் ரிசீவ் டேபில் ‘டவுன்லோட் அட்ரஸ் புக்’ கொடுக்கலாம்.

மூன்று நாளாகியும் வருகிறது என்றால் அது அட்ரஸ் புக்கே அல்ல. அந்தச் சிலர் முன்பு அந்த முகவரிக்கு எழுதியிருக்கிறார்கள், அவர்களுடைய அவுட்லுக் அதை ஆட்டோ-கம்ப்ளீட்டில் நினைவு வைத்திருக்கிறது. பெயர் வரும்போது அதன் பக்கத்தில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தினால் அந்த ஒன்று மட்டும் போகும். ‘எம்ப்டி ஆட்டோ-கம்ப்ளீட் லிஸ்ட்’ என்ற பட்டனை அழுத்தச் சொல்லிவிடாதீர்கள். பல வருடமாகச் சேர்ந்த பையர் முகவரிகள் அத்தனையும் சேர்ந்து போய்விடும். இதே நினைவு இன்னொரு தொல்லையும் தரும்: ஒருவரின் கணக்கை அழித்து, அதே முகவரியில் மறுபடி உண்டாக்கினால், பழைய பெயரைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் மெயில் ‘ஐ.எம்.சி.இ.ஏ.இ.எக்ஸ்’ என்று தொடங்கும் நீளமான முகவரியோடு திரும்பி வரும். முகவரி ஒன்றே ஆனாலும், உள்ளே அவுட்லுக் பிடித்து வைத்திருந்தது பழைய கணக்கின் அடையாளத்தை. அப்போதும் அதே பெருக்கல் குறிதான் மருந்து.

ஆனால் உங்கள் நோக்கத்துக்கு மறைப்பது பொருந்தவே இல்லை. மறைத்த முகவரிக்கும் மெயில் போய்ச் சேரும். முகவரியை முழுதாக அடிக்கத் தெரிந்தால் போதும். உள்ளூழியர் ஒருவர் நிறுவனப் பயனர் பட்டியலை வேறு பக்கங்களில் பார்க்கவும் வழி இருக்கிறது. கூடவே, மறைத்த மெயில்பாக்ஸை அவுட்லுக்கில் பெயர் சொல்லிப் புதிதாகச் சேர்க்க முடியாது. சம்பளப் பிரிவில் புது ஆள் வந்தால் உங்களுக்குத்தான் தலைவலி. யார் எழுதலாம் என்பதைக் கட்டுப்படுத்த வேறு இடம் இருக்கிறது: அந்த மெயில்பாக்ஸைத் திறந்து ‘மெயில் ஃப்ளோ செட்டிங்ஸ்’, அதில் ‘மெசேஜ் டெலிவரி ரெஸ்ட்ரிக்‌ஷன்’. ‘அக்செப்ட் மெசேஜஸ் ஃப்ரம்’ என்பதில் ஹெச்.ஆர்., எம்.டி., அக்கவுண்ட்ஸ் ஆகியோரை மட்டும் சேர்த்தால், மற்றவர் அனுப்பும் மெயில் காரணத்தோடு அவருக்கே திரும்பிப் போகும்.

இதைச் செய்யும்முன் ஒன்றை யோசியுங்கள். அந்தப் பட்டியலில் இல்லாத வெளி ஆட்களும் தடுக்கப்படுவார்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. அலுவலகம், வங்கி, ஆடிட்டர் எல்லோருக்கும் நீங்கள் அந்த முகவரியைக் கொடுத்திருந்தால் அவர்களுடைய கடிதம் உங்களுக்குத் தெரியாமலே திரும்பிவிடும். தானியங்கியாக வரும் அறிவிப்புகளுக்கு ‘திரும்பிவிட்டது’ என்று படித்துச் சொல்லவும் எதிர்ப்பக்கம் யாரும் இல்லை. இரண்டு முகவரி வைப்பதுதான் நான் சொல்லும் வழி. வெளி அலுவலகங்களுக்கு இப்போதிருக்கும் முகவரியே திறந்தபடி இருக்கட்டும். ஹெச்.ஆர். அனுப்பும் சம்பளக் கோப்புகளுக்கு ஒரு புது ஷேர்டு மெயில்பாக்ஸ் போட்டு, அதில் இந்தக் கட்டுப்பாட்டை வையுங்கள். ஊழியர்களுக்கு ஒரு வரி அறிவிப்பும் போய்விடட்டும். சம்பளச் சந்தேகத்தை எங்கே கேட்பது என்று தெரியாமல் ஒரு டெய்லர் தவிக்கக் கூடாது.

எதை மாற்றினாலும் சரிபார்ப்பை உங்கள் அட்மின் கணக்கில் செய்யாதீர்கள். சோதனை செய்வதற்காக நீங்கள் எப்போதோ உங்களுக்கே கொடுத்துக்கொண்ட ஃபுல் அக்சஸ் எல்லாக் கதவையும் திறந்து காட்டும். கட்டிங் சூப்பர்வைசரிடம் கேட்டு, அவருடைய கம்ப்யூட்டரில் அவர் முன்னால் எம்.டி.யின் காண்டாக்ட்ஸைத் திறக்க முயன்று பாருங்கள். மறுப்பு வந்தால் சரி. வராவிட்டால் அவுட்லுக்கை மூடித் திறந்து இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் திறந்தால் டிஃபால்ட் வரியோடு, அவர் பெயரில் தனி வரி ஏதாவது இருக்கிறதா, அவர் உறுப்பினராக உள்ள செக்யூரிட்டி க்ரூப் ஏதும் அதே பட்டியலில் இருக்கிறதா என்று தேடுங்கள்.